வர்த்தமானியில் வந்த 25 சதம்: பணம், அரசியல், நடுத்தரக் குடும்பம் – கேள்வி பதில்

உயர்தர மாணவர்களுக்குப் பொருளியல் படிப்பித்தவன் என்பதால், பணக்காரர்களின் கை அரசியலில் எவ்வளவு தூரம் நீளுகிறது, மாதச் சம்பளக் குடும்பங்கள் ஏன் கீழே இறங்குகின்றன என்று பலரும் கேட்டிருந்தீர்கள். மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலிருந்தும் வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

களுவாஞ்சிகுடி ஆசிரியை: சேர், நானும் கணவரும் வேலை செய்கிறோம். ஆனாலும் இருபதாம் திகதிக்குப் பிறகு கடையில் கொப்பியில் எழுதித்தான் சாமான் வாங்குகிறோம். எங்களுக்குத்தான் செலவு செய்யத் தெரியவில்லையா?

இல்லை மகள், அந்தப் பழியை உங்கள் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. உணவுப் பொருட்களில் அது 95 வீதத்தை நெருங்கியது. பிறகு பணவீக்கம் இறங்கிவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். இறங்கியது விலை ஏறுகிற வேகம் மட்டும்தான், ஏறிய விலை பெரும்பாலும் ஏறியபடியே நின்றது. மின்கட்டணத்தைப் பாருங்கள். 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதம், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் கூட்டினார்கள். 1,000 ரூபா பில் ஆறே மாதத்தில் 2,900 ரூபா ஆகிவிட்டது. பின்னால் குறைத்தார்கள்தான், ஆனால் அதற்குள் எத்தனை வீட்டில் நகை அடகுக்குப் போனது!

உங்கள் சம்பளப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். மேலே அடிப்படைச் சம்பளமும் படிகளும் இருக்கும். கீழே இடர்கடன், வங்கிக் கடன், சங்கக் கழிவு எல்லாம் போய் மிச்சம் நிற்கும். கடன் தவணை எடுத்த எடுப்பிலேயே கழிந்துவிடும். விலையேற்றம் முழுவதும் விழுவது அந்த மிச்சத்தின் மேல்தான். உலக வங்கிக் கணக்கில் 2021இல் 13 வீதமாக இருந்த வறுமை 2022இல் 25 வீதமானது. ஒரே வருடத்தில் அந்தக் கோட்டுக்குக் கீழே போனவர்களில் பலர் அதுவரை ‘எங்களுக்கென்ன குறை’ என்று இருந்த குடும்பத்தினர். அரசாங்க உத்தியோகம் இருக்கிறது என்பதால் வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் அஸ்வெசும கொடுப்பனவும் உங்களுக்குக் கிடைக்காது.

கல்முனை வாசகர்: எல்லாரும் காசு கொடுத்து வாக்கு வாங்குவதைத்தான் பேசுகிறார்கள். அதுதான் பெரிய பிரச்சினையா?

எனக்கு அது இரண்டாம் பட்சம். பெரிய பணம் வேலை செய்வது தேர்தலுக்கும் தேர்தலுக்கும் இடையில், அரசாங்க அறிவித்தல்கள் வெளியாகும், ஆனால் யாரும் வாசிக்காத வர்த்தமானியில்.

2020 ஒக்டோபரில் சீனி இறக்குமதிக்கு இருந்த விசேட பண்ட வரியைக் கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைத்தார்கள். நுகர்வோருக்காக என்றுதான் சொல்லப்பட்டது. நம் கடைகளில் சீனி 50 ரூபா குறைந்ததா? அந்தப் பணம் இறக்குமதி செய்தவர்களிடமும் இருப்பு வைத்திருந்தவர்களிடமும் தங்கிவிட்டது. அரசாங்க நிதி பற்றிய பாராளுமன்றக் குழுவில் 1,500 கோடி ரூபாவுக்கு மேற்பட்ட வரி இழப்பு பேசப்பட்டது. இதற்காக யாரும் ஒரு வாக்குக்கூட வாங்க வேண்டியிருக்கவில்லை. ஒரு கையெழுத்துப் போதுமாக இருந்தது. அதனால்தான் வாக்குக்குக் கொடுக்கும் ஐயாயிரத்தைவிட இது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஏறாவூர் இளைஞர்: ஆனால் சேர், 2019இல் வரியைக் குறைத்தபோது எல்லோருக்கும்தானே இலாபம்?

யாருக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்ப்போம் தம்பி. சம்பளத்தில் பிடித்த உழைக்கும்போது செலுத்தும் வரியை நிறுத்தினார்கள். ஆண்டுக்கு 30 இலட்சம் வரை வருமான வரி இல்லை என்றார்கள். உச்ச வீதம் 24இலிருந்து 18க்கு இறங்கியது. பொருள் வாங்கும்போது விலையோடு சேர்த்துக் கட்டும் வற் வரி 15இலிருந்து 8 ஆனது. மாதம் 45,000 ரூபா எடுத்த ஆசிரியர் அதற்கு முன்பும் சம்பளத்துக்கு வரி கட்டவில்லை. ஆகவே அந்தப் பகுதியில் அவருக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. மாதம் பத்து இலட்சம் எடுத்தவருக்கோ மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் மிஞ்சியது.

அரச வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 12 வீதம் அளவிலிருந்து 9 வீதத்துக்கும் கீழே போனது. கொரோனாவும் சேர்ந்தது, அதை மறைக்கக் கூடாது. காசு அச்சடித்தார்கள். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. பிறகு வற் வரி படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18 வீதமாகி, எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் வந்தது. ஒரு காஸ் சிலிண்டருக்கு ஆலை முதலாளியும் ஆலையில் மூடை தூக்குபவரும் ஒரே தொகை வரிதான் கட்டுகிறார்கள். இந்த நெருக்கடிக்கு முன்னாள் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச உட்பட அன்றைய பொறுப்பாளர்கள் பொது நம்பிக்கையை மீறினார்கள் என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செல்வ வரி என்று ஒன்று இந்த நாட்டில் முன்பு இருந்ததும் 1990களில் எடுக்கப்பட்டதும் உங்கள் வயதுக்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சம்மாந்துறை விவசாயி: அறுவடைக்கு நெல் விலை விழுகிறது. நாங்கள் விற்று முடிந்ததும் அரிசி ஏறுகிறது. இதற்கும் அரசியலுக்கும் தொடர்பு உண்டா?

நிறையவே உண்டு. வெட்டு மெசின் வயலை விட்டு வெளியே வரும்போதே லொறி வரம்பில் நிற்கும். நெல் ஈரம். உங்களுக்குக் களஞ்சியம் இல்லை, உலர்த்தும் இயந்திரம் இல்லை, உரக்கடைக்காரர் காத்திருக்கிறார். சொன்ன விலைக்குக் கொடுத்துவிடுவீர்கள். கோடிக்கணக்கில் வங்கிக் கடன் எடுத்து மாதக்கணக்கில் வைத்திருக்கக்கூடிய ஒரு சில பெரிய ஆலைகளுக்கு அவசரம் இல்லை.

2025 பெப்ரவரியில் ‘நாடு’ என்ற நெல் வகைக்கு உத்தரவாத விலை கிலோ 120 ரூபா என்றார்கள். ஒரு கிலோ அரிசிக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நெல் வேண்டும், அப்படியானால் 180 ரூபா. அதற்கு இரண்டு மாதத்துக்கு முன் அந்த நாட்டரிசிக்கு விதித்த அதிகபட்சச் சில்லறை விலை 230. இடையில் இருக்கும் 50 ரூபாவில் ஆலைச் செலவும் போக்குவரத்தும் கடைக்காரர் இலாபமும் அடங்கவேண்டும், அது நியாயமாகக்கூட இருக்கலாம். ஆனால் நெற் சந்தைப்படுத்தும் சபையின் அந்த 120 ரூபா உலர்ந்த நெல்லுக்குத்தான். தெருவில் காயப்போட இடமில்லாதவர் 120க்கும் கீழே விற்கும்போது அந்த இடைவெளி யாருக்குப் போகிறது?

அரசியல் இங்கேதான் வருகிறது. 2021 செப்டெம்பர் தொடக்கத்தில் அரிசிக்குக் கட்டுப்பாட்டு விலை போட்டார்கள். மாத முடிவில் அதே அரசாங்கம் அதை எடுத்துவிட்டது. பெரிய ஆலை உரிமையாளர்களே ஊடகங்களைக் கூட்டிப் புது விலையை அறிவித்தார்கள். அந்த வருடம்தான் இரசாயன உரத்தையும் தடை செய்து நம் வயல்களை மஞ்சளாக்கினார்கள். அம்பாறை மாவட்டத்தில் உரம் கேட்டுத் தெருவில் நின்றவர்களின் குரல் எடுபட மாதங்கள் சென்றன. ஆலைக்காரர்களின் குரல் சில வாரங்களில் எடுபட்டது. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

பாண்டிருப்பு, தனியார் நிறுவன ஊழியர்: எங்கள் சேமலாப நிதியில் கைவைத்தார்கள் என்பது உண்மையா?

நீங்கள் 8 வீதம், முதலாளி 12 வீதம் கட்டிய நிலுவையை யாரும் வெட்டவில்லை. ஆனால் 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் ஓய்வூதிய நிதிகள் தம் திறைசேரி முறிகளை (அரசாங்கம் கடன் வாங்கக் கொடுக்கும் பத்திரங்களை) வட்டி குறைந்த நீண்டகால முறிகளாக மாற்ற வேண்டியிருந்தது. மறுத்தால் அந்த வருமானத்துக்கு 14 வீத வரி 30 வீதமாகும். குறைந்தது 9 வீத வட்டி தருவோம் என்றார்கள்.

வங்கிகளின் திறைசேரி முறிகளைத் தொடவில்லை. வங்கி சரிந்தால் வைப்பாளர்களுக்கும் ஆபத்து என்பது சரியான வாதம்தான். 2022இல் திறைசேரி உண்டியல் (குறுகிய காலக் கடன் பத்திரம்) வட்டி 30 வீதத்தைத் தாண்டியபோது பணம் போட்ட தனியார் முதலீட்டாளர்களையும் தொடாமல் விட்டார்களே, அதற்கு நான் ஏற்கக்கூடிய ஒரு நியாயமும் கேட்கவில்லை.

செங்கலடி, ஓய்வுபெற்ற தபாலதிபர்: மகன் அமெரிக்காவில். அங்கேயும் இதே கதை என்கிறான்.

உண்மைதான் ஐயா. 2010இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், நிறுவனங்களும் சங்கங்களும் வேட்பாளரோடு சேராமல் தனியாகச் செய்யும் தேர்தல் செலவுக்கு எல்லை போட முடியாது என்றது. 2024 தேர்தலில் இலோன் மஸ்க் ஒருவரே 25 கோடி டொலருக்கு மேல் செலவழித்தார். நடுத்தர வருமான வீடுகளில் வாழ்வோர் 1971இல் 61 வீதம், 2021இல் 50 வீதம் என்கிறது பியூ ஆய்வு மையம். அதில் மேலே போனவர்களும் உண்டு, எல்லோரும் கீழே விழவில்லை.

ஆரையம்பதி வாசகர்: நம் ஊரில் அவ்வளவு பெரிய பணக்காரர்கள் இல்லையே?

தேவையில்லை. விளையாட்டுக் கழகத்துக்கு ஜேர்சி, கோயிலுக்குக் கொட்டகை, பிரசார வாகனத்துக்கு டீசல் கொடுத்த கொந்தராத்துக்காரர் பிறகு வீதி வேலையோ மண் அனுமதிப்பத்திரமோ கேட்பார். அளவு சிறியது, வழி ஒன்றுதான்.

ஒலுவில், பல்கலைக்கழக மாணவி: சட்டம் ஒன்றும் இல்லையா? எங்களால் என்ன செய்ய முடியும்?

இருக்கிறது மகள். 2023இன் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டம் வந்தது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா என்று எல்லை வைத்தார்கள். முடிவு வந்து 21 நாளுக்குள் வேட்பாளர் கணக்குக் கொடுக்க வேண்டும். நன்கொடை கொடுத்தவர் விபரம் அதில் இருக்க வேண்டும். பொதுமக்கள் அதைப் பார்வையிடலாம், ஆனால் போய்ப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

அடுத்தது 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பிரதேச செயலகத்திலோ பிரதேச சபையிலோ தகவல் உத்தியோகத்தரிடம் தமிழிலேயே கொடுக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். ‘ஊழல் நடந்ததா’ என்று கேட்காதீர்கள், பதில் வராது. குறித்த வீதியின் பெயர், வருடம் எழுதி, கேள்விப்பத்திரம் (டெண்டர்) கொடுத்தவர்களின் பட்டியல், ஒவ்வொருவரும் குறித்த தொகை, தெரிவானவரின் பெயர், இறுதியாகச் செலுத்திய தொகை ஆகியவற்றின் பிரதி கேளுங்கள். கொடுத்ததற்கான ஒப்புதல் சீட்டைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள், மறுத்தால் மேன்முறையீட்டுக்கு அது வேண்டும்.