காவக்காரன் இல்லாத கடலைக்காடு

அன்புள்ள அண்ணே,

பல வருடமாக உங்களைப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு உசிலம்பட்டிப் பக்கம். வயது ஐம்பத்திரண்டு. பிழைப்பு கோயம்புத்தூரில். போன வாரம் ஒரு நண்பர் வீட்டில் பழைய கோபால் பல்பொடி டப்பா ஒன்றைப் பார்த்தேன். கையில் எடுத்ததும், இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று இலங்கை வானொலியில் வரும் அந்த விளம்பரம் காதுக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. மதுரையில் செய்த பல்பொடிக்கு எதற்காகக் கொழும்பிலிருந்து விளம்பரம்? அந்தக் காலத்து விளம்பரங்கள் மட்டும் ஏன் மறப்பதே இல்லை? நம் மதுரைத் தங்கம் தியேட்டர் ஆசியாவிலேயே பெரியது என்பார்களே, உண்மையா?

டூரிங் டாக்கீஸ் வண்டியில் நோட்டீஸ் வீசிக்கொண்டு போகிறவர், கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போகிறேன் என்று சொல்லிச் சொல்லியே லேகியம் விற்றுவிட்டுப் போகிறவர், தமுக்கடித்துச் சாற்றுகிறவர் எல்லாரும் நினைவுக்கு வருகிறார்கள். எவ்வளவு வெள்ளந்தியான மனிதர்கள்! அந்த வெள்ளந்தித்தனம் எங்கே போனது அண்ணே? தண்டோராவையும் நிறுத்திவிட்டார்கள். நெஞ்சு கனக்கிறது. கடைசியாக ஒன்று. நீங்களும் சின்ன வயதில் பல்பொடியைத் தின்றிருக்கிறீர்களா?

தங்கள் வாசகன்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது நானும் கிட்டத்தட்ட இதே நினைப்பில்தான் இருந்தேன். போன மாதம் ஊரில் ஒரு காதுகுத்து. பஸ் ஸ்டாண்டிலிருந்து மண்டபம் வரைக்கும் ஃபிளெக்ஸ். காது குத்தப்போகும் பிள்ளையைத் தவிர மற்ற எல்லாருடைய முகமும் அதில் இருந்தது. தாய்மாமன் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு செல்போனில் பேசுகிறார், பக்கத்தில் ஒரு சிங்கம் நிற்கிறது. போனில் அந்தப் பக்கம் இருப்பது யாராக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே பந்திக்குப் போய்ச் சேர்ந்தேன்.

முதலில் பல்பொடி. அன்றைக்கு அகில இந்திய வானொலி விளம்பரம் வாங்காது. போதாததற்கு 1952-ல் துறைக்கு மந்திரியாக வந்த பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டையே தள்ளிவைத்துவிட்டார். சனங்கள் சண்டைக்குப் போகவில்லை, ரேடியோ முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். கேட்கிற காது எங்கே இருக்கிறதோ அங்கேதானே வியாபாரி போவான்? அகில இந்திய வானொலியின் விவித் பாரதி விளம்பரம் வாங்க ஆரம்பித்ததே 1967 நவம்பரில்தான். அதுவரைக்கும் மதுரைச் சரக்கின் பெயர் கடல் தாண்டிக் கொழும்புக்குப் போய், மயில்வாகனன் போன்ற அறிவிப்பாளர்களின் குரல் கேட்ட அலைவரிசையில் ஏறி, அடுத்த தெருவில் இருக்கும் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

தங்கம் தியேட்டர் 1952-ல் திறந்தது. இரண்டாயிரத்து ஐநூறு பேருக்கு மேல் உட்கார இடமிருந்தது. ஆசியாவை அளந்து பார்க்க எனக்கு நேரமில்லை. பழைய விளம்பரம் மறக்காததற்குக் காரணம், நீங்கள் அதைப் பத்து வயதில் கேட்டீர்கள். பத்து வயதில் வாய்ப்பாடும்தான் மறக்காது. லேகியக்காரரை விடுங்கள். எல்லாரும் எழுதி எழுதி அந்தக் கீரிக்கே வயதாகிவிட்டது.

ஆனால் அந்த நாலு நாட்டு விளம்பரத்தால் எங்கள் தெருவில் ஒரு காரியம் நடந்தது. பணியாரம் சுட்டு விற்ற அப்பத்தா ஒருத்தி இருந்தாள். எனக்கு உறவில்லை, ஊருக்கே அப்பத்தா. ஒருநாள் டீக்கடை ரேடியோவைக் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "ஏலே பேராண்டி, அந்த ரேடியோக்காரன் மாதிரி தெருவுல ஒரு சுத்துக் கத்திட்டு வா. நடைக்கு ஒரு பணியாரம்." எனக்குத் தெரிந்த உலகத்தை வைத்து நானே வாசகம் கட்டினேன். "கருமாத்தூர், வாலாந்தூர், பாப்பாபட்டி, கொக்குளம் ஆகிய நாடுகளில் மக்களின் மனங்கவர்ந்த பணியாரம்!"

தஞ்சாவூர்ப் பக்கமிருந்து மாற்றலாகி வந்திருந்த வாத்தியார் விழுந்து விழுந்து சிரித்தார். "டேய், அதெல்லாம் நாடு இல்லடா, ஊரு." திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த என் தாத்தாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "வாத்தியாரே, நாடு சரிதான். எட்டு நாட்டுல நாலத்தானே சொல்லிருக்கான், மிச்சம் நாலு எங்க போச்சு? அதக் கேளுங்க." நம் பக்கத்தில் ஊர்களைக் கூட்டமாகச் சேர்த்துப் பிரித்த பழைய பிரிவுக்கு நாடு என்றுதான் பெயர் என்று, உசிலம்பட்டிக்காரரான உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வாத்தியாருக்குத்தான் எட்டு நாட்டுக் கதை சொல்லி முடிக்க ராத்திரியாகிவிட்டது. மறுநாளிலிருந்து திடியன், புத்தூர், தும்மக்குண்டு, வேப்பனூத்து நாலையும் சேர்த்துக் கத்தினேன். மூச்சு இரண்டு மடங்கு போகிறதே, இன்னொரு பணியாரம் கொடு என்று கேட்டேன். அப்பத்தா கரண்டியைத் திருப்பிக்கொண்டே சொன்னாள். "நாடு கூடுனா பணியாரம் கூடுமாக்கும்?"

இவளையும் நீங்கள் வெள்ளந்தி என்றுதான் எழுதுவீர்கள், இல்லையா?

தம்பி, எனக்குக் கோபம் வருகிற சொல் இது ஒன்றுதான். ஊரைப் பற்றி எழுதுகிறேன் என்று உட்காருகிற எவனும் இரண்டாவது பத்திக்குள் வெள்ளந்தியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறான். வெள்ளந்தி மனிதர்கள், வெள்ளந்திச் சிரிப்பு, வெள்ளந்திக் கிராமம். முப்பது வருடமாக ஊரைவிட்டு விலகி இருக்கிறவனுக்கு மட்டும் கண்ணில் படுகிற குணம் இது. ஊரிலேயே கிடந்தவன் யாராவது பக்கத்து வீட்டுக்காரனை வெள்ளந்தி என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? "அவன்கிட்டப் பாத்துப் பேசு" என்பான். அதுதான் ஊர்.

உங்கள் டூரிங் டாக்கீஸ் வண்டிக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். படம் முழுக்க அழுகையாக இருக்கும். எங்கள் ஊர் முச்சந்தியில் "ஏழு கத்திச்சண்டை!" என்பார். அடுத்த ஊர் நெசவாளர் தெருவில் "தாய்மார்களே, முந்தானை நனையும்!" என்பார். ஒரே படம், ஒரே நாள். கத்திச்சண்டை எங்கேய்யா என்று மறுநாள் கேட்டால், "அந்த ரீலு வர்ற வழியில அந்துபோச்சப்பா, பெட்டிக்காரன்கிட்டக் கேளு." இத்தனை கூர்மையாக ஆளை எடைபோடத் தெரிந்தவருக்கு இன்றைக்குக் கம்பெனிக்காரர்கள் லட்சத்தில் சம்பளம் கொடுப்பார்கள். நாம் கொடுத்த பட்டம் வெள்ளந்தி.

சரி, தமுக்கடித்தவருக்கு வருகிறேன். அவருக்காகத்தான் இந்தப் பதிலையே எழுத உட்கார்ந்தேன்.

அவருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். பெயர் சொல்ல மாட்டேன். அவருடைய பேரப்பிள்ளைகள் நல்ல வேலையில் இருக்கிறார்கள், அந்த வீட்டுக் கல்யாணங்களுக்குப் போய் மொய் எழுதுகிறவன் நான். ஆனால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகிற பையன்கூட அவரை வாடா போடா என்றுதான் கூப்பிடுவான். நானும் கூப்பிட்டிருக்கிறேன். எங்கள் தெருவுக்குள் அவர் மேல்சட்டையோடு வந்து நான் பார்த்ததில்லை.

அறிவிப்பை ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவர் என்று ஊரில் அவருக்குப் பெயர். "நாளைக்கு வரி வசூலுக்கு மணியக்காரரு வர்றாரு, யாரும் வீட்டப் பூட்டிட்டு வெளியூரு போயிராதீங்க சாமியோவ்" என்று சாற்றுவார். விடிந்தால் தெருவில் பாதி வீட்டில் பூட்டுத் தொங்கும். அதுவரை வெளியூர் போகும் யோசனையே இல்லாதவனுக்கும் யோசனை சொல்லிக்கொடுத்தது யார்? ஊர் சிரிக்கும். பாவம், வெள்ளந்தி என்று சொல்லும்.

ஒரு வருடம் ஊர்ப் பெரிய சம்சாரி, அதாவது விவசாயி, ஒருவருடைய கடலைக்காடு. ஆறு ஏக்கர், பிடுங்குகிற பருவம். காவக்காரன் எதற்கோ முறைத்துக்கொண்டு போய்விட்டான். சம்சாரி தமுக்கடிப்பவரைக் கூப்பிட்டு, காட்டில் ஆடுமாடு இறங்கினால் பவுண்டுப் பட்டியில் அடைத்துத் தெண்டம் போடுவேன் என்று சாற்றச் சொன்னார். அவர் ஆடு திரும்புகிற நேரம் வரைக்கும் காத்திருந்து, முச்சந்தியில் நின்று தமுக்கைத் தட்டினார். "இதனால சகலமானவுகளுக்கும் அறிவிக்கிறது என்னன்னா, கெழக்குக் கடலைக்காட்டுக் காவக்காரரு கோவிச்சுக்கிட்டு மாமியா வீட்டுக்குப் போயிட்டதுனால, அவரு திரும்பி வர்ற வெள்ளிக்கெழம வரைக்கும் யாரும் ஆடுமாட்ட எறக்கக் கூடாது சாமியோவ்!"

வெள்ளிக்கிழமை சம்சாரி காட்டுக்குப் போனபோது அங்கே செடி இருந்த இடத்தில் ஆட்டுப்புழுக்கை இருந்தது. அடிக்கத்தான் கூப்பிட்டார். பெரியவர்கள் குறுக்கே விழுந்து தடுத்துவிட்டார்கள். "விடுப்பா, அது ஒரு வெள்ளந்தி. சொன்னதச் சொல்லத் தெரியாமச் சொல்லிருச்சு." 'அது' என்றார்கள், கவனியுங்கள். அவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒன்றுமே விளங்காதவர் மாதிரி நின்றார். நானும் கூட்டத்தில் நின்று சிரித்தேன்.

இருபது வருடம் கழித்து, அவர் பேத்தி சடங்குக்குப் போயிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். உண்மையிலேயே தப்பாகச் சொல்லிவிட்டீர்களா? வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "ரெண்டு வருசம் களத்துல சொதந்திரம் அளக்கல தம்பி. கேட்டா நாளைக்கு வா, நாளைக்கு வா. எனக்குத் தெரிஞ்ச பாசையில நானும் கேட்டேன்." அப்படியானால் அந்த வெள்ளிக்கிழமை எதற்கு? "நாளு சொல்லலேன்னா அம்புட்டுப் பயலும் அன்னைக்கு ராத்திரியே அடிச்சுப் பிடிச்சு எறக்கி மாட்டிக்கிருவான். அவசரமில்லாம மேயட்டும்னுதான்."

நடந்ததை உங்கள் தலைமுறைக்கு விளக்க வேண்டியிருக்கிறது. தமுக்கடிக்கிறவர், வண்ணார், நாவிதர் என்று வருடம் முழுக்க ஊருக்கு வேலை பார்த்தவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. அறுப்பு முடிந்து களத்தில் மரக்கால் கணக்கில் தானியம் அளப்பார்கள். அளப்பவர் மனசு வைத்தால் உண்டு. அந்தத் தானியத்துக்குப் பெயர்தான் சுதந்திரம். அகராதியில் பாருங்கள், இருக்கும். அது கிடைக்காதபோது போய் முறையிட அவருக்கு எந்த ஆபீசும் இல்லை. இருந்தது ஒரு தமுக்கும், வெள்ளந்தி என்ற பெயரும். அந்தப் பெயர் இல்லாவிட்டால் அன்றைக்கு அவர் முதுகுத் தோல் உரிந்திருக்கும். சட்டை போடாத மனுசன் போட்டுக்கொண்டிருந்த சட்டை அது. நீங்கள் அதை அவருடைய தோல் என்று நினைத்து ஐம்பத்திரண்டு வயதில் உருகுகிறீர்கள்.

2022 ஆகஸ்டில், அப்போது தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, தண்டோரா போடுவது இனி வேண்டாம், வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம் என்று கலெக்டர்களுக்குக் கடிதம் எழுதினார். அதற்குத்தானே நெஞ்சு கனக்கிறது என்கிறீர்கள்? அந்தத் தமுக்கை ஒரே ஒரு சாயங்காலம் இடுப்பில் கட்டிக்கொண்டு, நீங்கள் படித்த பள்ளிக்கூடத்துப் பையன்களைச் சாமியோவ் என்று கூப்பிட்டபடி தெருவைச் சுற்றி வாருங்கள். எது கனக்கிறது என்று அப்புறம் எழுதுங்கள், அதையும் வெளியிடுகிறேன்.

கொஞ்சம் அதிகமாகத் திட்டிவிட்டேனோ? பரவாயில்லை, எங்கள் பக்கத்து ஆள்தானே.

சுவர் விளம்பரம் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் சித்தப்பா ஒருவர் ஆர்ட்டிஸ்ட். உரம், பூச்சிமருந்து, பீடி, சோப்பு, எல்லாச் சுவரும் அவர் கைதான். ஒரு ஜவுளிக்கடைக்காரர், கண்டவனும் போஸ்டர் ஒட்டுகிறான் என்று சொல்லித் தன் புது மதிலில் 'நோட்டீஸ் ஒட்டாதே' என்று எழுதச் சொன்னார். சித்தப்பா சின்னதாக அதை எழுதிவிட்டு, கீழே மூன்றடி உயரத்தில் தன் கடைப் பெயர், ஆர்ட்ஸ், பஸ் நிலையம் எதிரில் என்று எழுதிவிட்டு வந்துவிட்டார். கடைக்காரர் கத்தினார். "அண்ணே, எழுதுனது யாருன்னு தெரிஞ்சாத்தானே ஒட்ட வர்றவன் பயப்படுவான்?" தேர்தல் வந்தது, ஒரு கட்சிக்காரர்கள் அந்தச் சுவரைப் பிடித்து வெள்ளையடிக்கச் சொன்னார்கள். 'நோட்டீஸ் ஒட்டாதே' மறைந்தது, சித்தப்பா பெயர் மட்டும் நின்றது. வெள்ளையடிக்கிற வேலையையும் அவரிடமே கொடுத்திருந்தார்கள்.

பல்பொடி தின்றிருக்கிறீர்களா என்று கேட்டிருந்தீர்கள். தின்றிருக்கிறேன். உள்ளங்கையில் தட்டி, பல்லுக்குப் பாதி, வயிற்றுக்குப் பாதி. ரோஸ் கலரும் அந்த இனிப்பும், விடியற்காலையில் வேறு யார் மிட்டாய் தரப்போகிறார்கள்? மாதக் கடைசி வருமுன்பே டப்பா காலியாவதைப் பார்த்துவிட்டு அம்மா அதை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தாள். இடத்தைக் காட்டிக்கொடுத்தது பணியார அப்பத்தாதான். அதற்குக் கூலியாக மூன்று நாள் எட்டு நாட்டையும் கத்தினேன், பணியாரம் இல்லாமல்.

அன்புடன்