நெளிவு ரேகையும் கிட்டார் மரமும்: செங்கோட்டையிலிருந்து பதில்கள்

செங்கோட்டையில் பட்டறை வைத்து கிட்டார் செய்கிறவன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரம் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். எந்த கிட்டார் வாங்கலாம், கார்டு எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் என் வேலை இல்லை.

தென்காசியிலிருந்து ஒரு தம்பி: அண்ணாச்சி, கிட்டார் மரத்தில் நெளிவு ரேகை இருந்தால் ஃபிளேம், குவில்ட் என்று பெயர் சொல்லி விலையை ஏற்றுகிறார்களே, அந்த நெளிவு எப்படி வருகிறது?

மரத்தின் நார் நேராக மேலே போகாமல் அலை அலையாக வளர்ந்துவிடும். அதை அறுத்து இழைத்தால் ஓரிடத்தில் நாரின் பக்கவாட்டு முகம் தெரியும், அடுத்த விரற்கடையில் வெட்டுப்பட்ட முனை தெரியும். முகம் வெளிச்சத்தைத் திருப்பித் தரும், முனை விழுங்கிவிடும். மயில்கழுத்துப் பட்டை அசைத்துப் பார்த்திருப்பீர்களே, அதே வித்தைதான். ஹவாய் தீவின் கோவா மரத்திலும் மேப்பிள் மரத்திலும் இது பிரமாதமாக விழும். பட்டை பட்டையாக விழும் ஃபிளேம் எடுப்பாகத் தெரிய, மரத்தின் வளையம் பலகை முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும் குவார்ட்டர் சான் அறுப்பு வேண்டும். குவில்டுக்கு நேர்மாறு, வளையம் பலகை முகத்தோடு படுத்திருக்கும் ஃபிளாட் சான் அறுப்பில்தான் குமிழ் குமிழாக எழும்பும்.

அசலா என்று பார்க்க, பலகையில் கொஞ்சம் ஸ்பிரிட் தடவி, செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பலகையைத் திருப்புங்கள். கறுப்பாக இருந்த பட்டை வெளுக்க வேண்டும், வெளுத்தது கறுக்க வேண்டும். எப்படித் திருப்பினாலும் பட்டை அப்படியே நின்றால் அது அச்சடித்த ஒட்டுத்தாள்.

ஆனால் ஒன்று. நெளிவு என்பது தச்சன் கணக்கில் குறை. நார் குறுக்கே ஓடும் இடமெல்லாம் பலம் குறையும், பலகை கோணும். கண்ணால் வாங்காதீர்கள், தட்டிப் பார்த்து வாங்குங்கள். இதை இன்னும் நாலு தடவை சொல்வேன்.

புனலூர்: ‘தி ட்ரீ’ என்கிற மகோகனி கதை உண்மையா?

உண்மை. பெலீஸ் நாட்டுச் சிக்கிபுல் காட்டில் 1965-ல் ஒரு மகோகனியை வெட்டினார்கள். அது பள்ளத்தில் போய் விழுந்தது. எடுக்க வழியில்லாமல் விட்டுவிட்டார்கள். 1980-களின் தொடக்கத்தில் ராபர்ட் நோவாக் என்பவர் அதைத் துண்டு போட்டு வெளியே கொண்டுவந்தார். ஆமை ஓடு மாதிரிக் கட்டம் கட்டமாக ரேகை. இருந்தது ஒரே ஒரு மரம். அதனால்தான் கொள்ளை விலை. நம்மூரில் யாராவது ‘தி ட்ரீ பலகை இருக்கு அண்ணாச்சி’ என்று வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

புளியரை: தோட்டத்தில் பெரிய ஈட்டி மரம் நிற்கிறது. கிட்டார்க்காரர்களுக்கு விற்றால் எவ்வளவு வரும்?

விலைக்கு முன்னால் வனத்துறை அலுவலகம். ஈட்டிக்கென்றே, அதாவது இந்திய ரோஸ்வுட்டுக்கென்றே, தமிழ்நாட்டில் 1994-ல் சட்டம் போட்டார்கள். எல்லை தாண்டினால் கேரளத்தில் தேக்கு, ஈட்டி, சந்தனம், கருங்காலி நான்கும் அரசின் கட்டுப்பாட்டில் உள்ள ராஜ மரங்கள். பாஸ் இல்லாத மரத்தைத் தொடாதீர்கள், ஏற்றிவிடாதீர்கள், ஆரியங்காவு தாண்ட நினைக்கவும் நினைக்காதீர்கள்.

பாலக்காடு, வயலின் வாசிப்பவர்: கிட்டாரின் முதுகு மரம் மாறினால் நாதம் மாறும். பிரேசில் ரோஸ்வுட்டுக்கு ஈடு இல்லை. சரிதானே?

ஐயா, வம்புக்கு இழுக்கிறீர்கள். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகக்காரர்கள் ஒரு சோதனை செய்து 2018-ல் வெளியிட்டார்கள். ஆறு கிட்டார், முதுகும் பக்கமும் மட்டும் வேறு வேறு மரம். பிரேசில் ரோஸ்வுட், நம் ஈட்டி, மகோகனி, மேப்பிள் எல்லாம் உண்டு. 52 பேரை மங்கிய அறையில், வெல்டிங் கண்ணாடி மாட்டி வாசிக்க விட்டார்கள். ஒலித்தரத்துக்கு அவர்கள் போட்ட மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசமே இல்லை. அதற்கும் முன்னால், 1862-லேயே ஸ்பெயினில் தோரெஸ் என்கிற கிட்டார் தச்சர் காகிதக்கூழ் அட்டையில் முதுகும் பக்கமும் வைத்து கிட்டார் செய்து காட்டிவிட்டார். நாதம் பெரும்பாலும் மேல் பலகையில், அதை எவ்வளவு மெல்லிசாக இழைக்கிறோம், உள்ளே ஒட்டும் மரச் சட்டங்களை எப்படிச் செதுக்குகிறோம் என்பதில் இருக்கிறது.

அதே பாலக்காட்டுக்காரர்: அப்படியானால் ஈட்டியைத் தட்டினால் மணி மாதிரி ஒலிப்பது பொய்யா?

பொய் இல்லை. ஈட்டித் துண்டைக் கணுவில்லாத இடத்தில் இரண்டு விரலால் தொங்கவிட்டுத் தட்டுங்கள், ஙொய்யென்று நின்று ஒலிக்கும். மகோகனி சீக்கிரம் அடங்கிவிடும். தொங்கும் பலகை வேறு, நாலு ஓரமும் ஒட்டி, வயிற்றில் அணைத்துப் பிடித்த பெட்டி வேறு. நான் சொல்வது அவ்வளவுதான்.

மறுபடி அவரே: வெல்டிங் கண்ணாடி போட்டு வாசித்தால் யாருக்குத்தான் ரசனை வரும்?

கண்ணாடியைக் கழற்றினால் வருவது ரசனையா விலைச்சீட்டா என்பதுதானே ஐயா கேள்வி! அமெரிக்காவின் மார்ட்டின் கிட்டார் கம்பெனி டி-28 மாடலை 1969-ல் பிரேசில் மரத்திலிருந்து நம் ஈட்டிக்கு மாற்றியது. அதற்கப்புறம் வந்த டி-28-ல் எத்தனை நல்ல பாட்டுகள் பிறந்தன! செங்கோட்டைப் பக்கம் வந்தால் பட்டறைக்கு வாருங்கள். கண்ணைக் கட்டி இரண்டு கிட்டார் தருகிறேன், மிச்சச் சண்டையை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

கம்பம்: எங்கள் ஏலத் தோட்டத்தில் ஈட்டி...

புளியரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சித்தூர்: செம்மரத்தில் கிட்டார் செய்யலாமா?

ஜப்பானில் நெளிவு விழுந்த செம்மரத்தை ஷாமிசென் என்கிற தந்தி வாத்தியத்தின் கழுத்துக்கு வைக்கிறார்கள். நீங்கள் வேண்டாம். உங்கள் ஊரில் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லக்கூட வேண்டாம்.

நாகர்கோவில்: கருங்காலி மாலை...

ஜோசியரிடம்.

திருவனந்தபுரத்தில் கிட்டார் செய்யப் பழகும் தங்கை: கோவா பக்கப் பலகையை வளைக்கும்போது அலையிலேயே ஒடிகிறது. என்ன செய்ய?

இது கேள்வி! நானும் அழுதிருக்கிறேன் அம்மா. நெளிவு மரத்தை வழக்கமான கனத்தில் விட்டால் ஒடியும், 2 மி.மீ. வரை, முடிந்தால் அதற்கும் சற்றுக் கீழே இழையுங்கள். ஈரம் கொஞ்சமாகப் போதும், ஊறவிட்டால் அலை விரிந்துகொள்ளும். வெளிப்பக்கம் மெல்லிய எஃகுத் தகடு ஒட்டிப் பிடித்தபடியே சூட்டில் வளையுங்கள். பலகையை வளைக்கிற சூட்டுக் குழாய் நன்றாகச் சூடாகும் வரை காத்திருங்கள். மரம் கையில் இளகுவது தெரியும், அதற்கு முன் பலம் காட்டினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம். அதைக் கேட்டால் அன்றைய வேலை முடிந்தது.

இன்னொன்று. பல வருஷம் முன்பு ஒரு ஆடி மாதம், குற்றாலத்துச் சாரல் இங்கே வரை வீசிக்கொண்டிருந்தபோது, அவசரத்தில் ஒரு குவில்ட் முதுகை ஒட்டினேன். மரம் ஈரம் குடித்து உப்பியிருந்தது. வாங்கியவர் அதைச் சென்னையில் ஏசி அறையில் வைத்தார். மார்கழிக்குள் நடுமூட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி நீளமாக வெடித்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், பலகை போனது போனதுதான். அதற்கப்புறம் அறையில் ஈரம் 45 முதல் 50 சதவீதத்துக்குள் இல்லாமல் பசை டப்பாவைத் திறப்பதில்லை. கடற்கரை ஊரில் உங்களுக்கு இது இன்னும் முக்கியம்.

குமுளி: ஐயா, ஈட்டி மரம் ஒன்று...

வனத்துறை. வனத்துறை. வனத்துறை.

தேன்மலை: முதல் கிட்டாருக்கு நெளிவு மரம் வாங்கலாமா?

வேண்டாம். நேர் ரேகை மகோகனி வாங்கிப் பழகு. கெட்டாலும் வயிறு எரியாது. கண்ணால் வாங்காதே, தட்டிப் பார் என்று சொன்னேனே, மூன்றாவது தடவையோ நாலாவதோ.

அறையின் ஈரத்தை உறிஞ்சும் டீஹ்யூமிடிஃபையர் தொட்டி நிரம்பிவிட்டது என்று கத்துகிறது. தண்ணீரைக் கொட்டிவிட்டு வருகிறேன். பாலக்காட்டு ஐயா, உங்கள் அடுத்த கேள்வியைப் பார்த்துவிட்டேன், அதற்குப் பதில் பட்டறையில்.