தெருநாய், பூனைகளைக் காப்பாற்றுவதையே வேலையாக வைத்திருப்பவர்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது?

கேள்வி கேட்டவர் சேலத்துக்காரர் போலிருக்கிறது. தன் தெருவில் ஒரு அம்மா எப்போது பார்த்தாலும் அடிபட்ட நாயைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போகிறார், இதற்கெல்லாம் காசு எங்கிருந்து வருகிறது, பின்னால் ட்ரஸ்ட் கிரஸ்ட் ஏதாவது இருக்குமா என்று கேட்டிருக்கிறார். நியாயமான சந்தேகம், எனக்கும் இருந்தது.

கட்டுப்படியாகவில்லை என்பதுதான் நேரான பதில். கட்டுப்படியாகாத ஒன்றை வருஷக்கணக்கில் எப்படி இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்று கேட்டால் அதற்கு என்னிடம் கொஞ்சம் விவரம் இருக்கிறது, ஏனென்றால் அஸ்தம்பட்டி பக்கம் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன், அவர்களில் சிலருக்கு என் கடையில்தான் கடன் கணக்கு. நான் நாய்ப்பிரியன் கிடையாது, வீட்டில் ஒரு மீன் தொட்டிகூட இல்லை. ஆனால் ஒருவர் எதற்குச் செலவு செய்கிறார் என்பது மருந்துக்கடைக்காரனுக்குத் தெரிகிற அளவுக்கு வீட்டுக்காரருக்கே தெரியாது. குளுக்கோஸ் பாட்டில், ஐவி செட், காஸ் துணி, பெட்டாடின், குழந்தைகளுக்கான டயபர் (இடுப்பு உடைந்த நாய்க்கு), பால் புட்டி. டாக்டர் சீட்டில் நோயாளி பெயர் 'டைகர்', 'ராணி', 'பஸ் ஸ்டாண்டு கருப்பு' என்று இருக்கும்.

அதில் ஒரு அக்கா கன்னங்குறிச்சியில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறவர். ட்ரஸ்ட் எல்லாம் கிடையாது. காலையில் மாவு டெலிவரி, மத்தியானம் கோழிக்கடைகளில் கழித்துப் போடும் கழுத்து, கால், ஈரல் எல்லாம் வாங்கி வந்து, அரிசியோடு அண்டாவில் போட்டு மஞ்சள் தூள் மட்டும் சேர்த்து வேகவைப்பார். உப்பு கிடையாது, வெங்காயம் கிடையவே கிடையாது, நாய்க்கு வெங்காயம் ரத்தத்தைக் கெடுக்கும். கடைசியில் அந்தச் சோற்றில் ஈரல் எந்த நாய்க்குப் போகவேண்டும், வெறும் சோறு எதற்குப் போதும் என்று கணக்குப் பார்த்துத்தான் வைப்பார். இளகின மனசுக்காரர் என்று நினைத்துக்கொண்டு அவரிடம் போனால் ஏமாந்துவிடுவீர்கள், ஆள் கறார்.

இந்த வேலையில் நிலைத்து நிற்கிறவர்கள் எல்லாருமே இப்படிக் கறாரானவர்கள்தான் என்பது என் அபிப்பிராயம். அழுகிறவர்கள் ஆறு மாதத்தில் காணாமல் போய்விடுகிறார்கள், அல்லது வந்ததையெல்லாம் வாங்கி வீட்டுக்குள் அடைத்து, ஒன்றுக்கு வந்த பார்வோ (நாய்களை வாந்தி பேதியில் சாய்க்கும் வைரஸ் நோய்) எல்லாவற்றுக்கும் பரவி, அக்கம்பக்கம் சண்டையாகி நிற்கிறார்கள். இரண்டையும் பார்த்திருக்கிறேன். 'இதுக்கு மேல என்னால முடியாது, அடுத்தது வேண்டாம்' என்று போனில் சொல்லத் தெரிகிறவர்தான் அடுத்த வருஷமும் போன் எடுக்கிறார். சொன்னால் எதிர்முனையில் என்ன திட்டு விழும் தெரியுமா? 'அப்புறம் என்னத்துக்கு நீங்கெல்லாம் இருக்கீங்க' என்று. ஏதோ சம்பளம் கொடுத்து வைத்த மாதிரி.

ஒருநாள் சாயங்காலம் கடை முன்னாடியே ஒரு வைத்தியம் நடந்தது. ஒரு நாய்க்குக் காதுக்குப் பின்னால் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை, உள்ளே வெள்ளையாக நெளிகிறது, நாற்றத்தில் என் கஸ்டமர் இரண்டு பேர் அப்படியே திரும்பிப் போனார்கள். அக்கா துப்பட்டாவை முடிச்சுப் போட்டு நாயின் வாயைக் கட்டினார். கூட வந்த காலேஜ் பையன் முன்னங்காலைப் பிடித்துக்கொள்ள, என்னிடம் செல்போன் டார்ச்சைக் கொடுத்துவிட்டார், வேறு வழி! சலைன் ஊற்றிக் கழுவி, கிடுக்கியால் ஒவ்வொரு புழுவாக எடுத்து ஒரு மூடியில் போடுகிறார். எடுக்க எடுக்க உள்ளேயிருந்து இன்னொன்று எட்டிப் பார்க்கிறது. பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றினால் ஒரே நிமிஷத்தில் வெளியே வந்துவிடுமே என்று வேடிக்கை பார்த்த ஒருவர் சொன்னார். 'உங்க புண்ணுல ஊத்திப் பாருங்கண்ணா' என்று தலையைத் தூக்காமலே பதில். சதையும் சேர்ந்து வெந்துபோகும் என்பது விஷயம். கடைசியில் கால்நடைகளுக்கான புண் ஸ்பிரேயை அடித்துவிட்டு, ஊசிக்கு மறுநாள் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். முக்கால் மணி நேரம் ஆயிருக்கும். அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை, எடுத்திருந்தாலும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கிணற்றில் விழுந்த நாயை மேலே தூக்குவதற்குத்தான் கூட்டமும் கைதட்டலும். அந்த வேலையை நம் ஊரில் பெரும்பாலும் தீயணைப்புத் துறைக்காரர்கள்தான் செய்கிறார்கள், கயிறும் வலையும் இறங்கத் தெரிந்த ஆளும் அவர்களிடம்தான் இருக்கிறது. தரைமட்டக் கிணறுகளுக்கு இந்தப் பக்கம் பஞ்சமே இல்லை. அந்த இடத்தில் அக்கா போன்றவர்களுக்கு முதல் வேலை கூட்டத்தை விரட்டுவது, ஏனென்றால் மேலே சத்தம் போடப் போட அது தண்ணீருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நீந்திக் களைத்துப்போகும். தூக்கியாகிவிட்டது, கைதட்டியாகிவிட்டது, எல்லாரும் போய்விட்டார்கள். அப்புறம் அந்த நாய் எங்கே படுக்கும்? செலவு அங்கேதான் ஆரம்பிக்கிறது. கால் முறிவு மாதிரிப் பெரிய கேஸ் என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோக வேண்டும், வண்டி வாடகை ஒரு பக்கம், அன்றைய மாவு வியாபாரம் போனது ஒரு பக்கம்.

ஏற்காட்டில் ஒரு ஜீப் டிரைவர் அண்ணன் இருக்கிறார், அவர் கதை வேறு மாதிரி. கீழே வளர்க்க முடியாத லாப்ரடார், பக் எல்லாவற்றையும் காரில் ஏற்றி, 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டிப் போய், பனியில் இறக்கிவிட்டு வருகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். மலையில் காற்று நன்றாக இருக்குமாம். சோபாவில் படுத்த நாய் தெருநாய்க் கூட்டத்துக்கு நடுவே எத்தனை நாள் தாங்கும்? அவற்றைப் பிடித்து, குளிப்பாட்டி, எஸ்டேட் ஆட்களிடமும் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களிடமும் கெஞ்சிக் கூத்தாடி ஒப்படைப்பது அவர் வழக்கம். காட்டுமாடு விஷயம் என்றால் கிட்டவே போகமாட்டார், வனத்துறைக்குப் போன் மட்டும்தான். எதைத் தொடக்கூடாது என்று தெரிவதும் இதில் பாதி வேலை.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதே, அப்போது அவர் முதலில் ஓடியது நாய்களிடம் இல்லை, சரிவுக்குக் கீழே இருந்த மாட்டுக் கொட்டகைகளுக்கு. 'கட்டை அவுத்துவுடுங்க, மிச்சத்தை அது பாத்துக்கும்' என்று வீடு வீடாகச் சொன்னாராம். வெள்ளத்தில் சாகிற மாடுகளில் பல, நீந்தத் தெரியாமல் சாவதில்லை, கயிற்றில் கட்டியிருப்பதால் சாகின்றன. அதற்கப்புறம்தான் நாய்கள். ஏரிப் பக்கம் பஜ்ஜிக் கடைகளும் டூரிஸ்ட்டும்தான் அவற்றுக்குச் சோறு, பாதை அடைத்தால் அவற்றுக்குப் பட்டினி. கொரோனா ஊரடங்கிலும் இதே கதைதான்.

பேரிடர் என்றால் மனுஷனைப் பார்ப்பதா மாட்டைப் பார்ப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டையும் பிரிக்க முடியாது என்பதற்கு அவர் சொல்கிற உதாரணம் 2018 கேரள வெள்ளம். திருச்சூரில் ஒரு பெண், தன்னுடைய 25 நாய்களையும் ஏற்றினால்தான் வருவேன் என்று மீட்புக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார், பிறகு விலங்கு மீட்பு ஆட்கள் போய்த்தான் எல்லாரையும் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் 2005 காட்ரினா புயலிலும் வளர்ப்புப் பிராணிகளை விட்டு வரமாட்டோம் என்று வீட்டிலேயே தங்கிவிட்டவர்கள் ஏராளம், அதனால்தான் அடுத்த வருஷமே வெளியேற்றத் திட்டத்தில் அவற்றையும் சேர்க்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள்.

சரி, செலவுக்கு வருகிறேன். இவர்களைக் காப்பாற்றுகிற ஒரே விஷயம் கருத்தடை. 'ஒரு பெட்டைக்கு ஆபரேஷன் பண்ணிட்டா, வர்ற வருஷம் அட்டைப்பெட்டியில குட்டி வராது தம்பி' என்பார் அக்கா. பெட்டை நாய் பொதுவாக வருஷத்துக்கு இரண்டு தடவை பருவத்துக்கு வரும், வயிற்றில் சுமப்பது இரண்டு மாதம்தான், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் ப்ளூ கிராஸ் என்கிற விலங்கு நல அமைப்பு 1964-லேயே இதை ஆரம்பித்துவிட்டது. இப்போது நடைமுறையில் இருக்கும், தெருநாய்க் கருத்தடைக்கான மத்திய அரசின் 2023 விதிகளின்படி இது உள்ளாட்சியின் பொறுப்பு, ஆபரேஷன் முடிந்து தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடவேண்டும். காதில் வெட்டு இருந்தால் ஆபரேஷன் ஆன நாய் என்று அர்த்தம். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முதலில் டெல்லி நாய்களைக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லிவிட்டு, அதே மாதம் அதை மாற்றி, வெறி பிடித்ததும் கடிக்கிற குணமுள்ளதும் தவிர மற்றவற்றை இருந்த இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்டு மாதிரி இடங்களில் பிடித்ததைத் திரும்ப அங்கே விடக்கூடாது என்றது. இதெல்லாம் தெரியாமல் 'எங்கயாச்சும் தூரமா கொண்டுபோய் வுட்டுருங்க' என்று ஆயிரம் ரூபாய் நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அக்கா அந்தக் காசை வாங்கமாட்டார். காலியான இடத்துக்கு ஆபரேஷன் ஆகாத வேறு நாய் வரும் என்பது அவருக்குத் தெரியும்.

தொழில் புத்தியில் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கேட்டு வருகிறார்கள், தயவுசெய்து கொடுக்காதீர்கள், பூனையின் ஈரலால் அதைச் சமாளிக்க முடியாது, ஒரு மாத்திரையே ஆளை முடித்துவிடும். குளிர்ந்துபோய்க் கிடக்கிற நாய்க்குட்டிக்கு உடனே பால் புகட்டக் கூடாது, முதலில் சூடு, அப்புறம்தான் பால், அதுவும் பசும்பால் பேதியாக்கும். கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரி. அக்காவும் அந்தக் காலேஜ் பையனும் கடிபடும் முன்னாலேயே தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள், ஆனாலும் கடிபட்டால் இரண்டு ஊசிக்குப் போய்விடுவார்கள். 'நம்ம நாய்தானே' என்று அசால்ட்டாக இருப்பவரை இந்த வேலையில் நம்பாதீர்கள்.

உங்கள் தெரு அம்மாவுக்கு ஏதாவது செய்ய நினைத்தால், கையில் காசு கொடுப்பதைவிட அவர் கணக்கு வைத்திருக்கும் மருந்துக்கடையிலோ டாக்டரிடமோ நேராகக் கட்டிவிடுங்கள் (என் கடைக்குத்தான் வரவேண்டும் என்று இல்லை). பழைய போர்வை, சாக்கு, அரிசி எல்லாம் உதவும். எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி, ஆபரேஷன் ஆன பெட்டையைத் தையல் ஆறும்வரை உங்கள் வீட்டு போர்ட்டிகோவில் வைத்துக்கொள்வது. அதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. அப்புறம், ராத்திரியில் அவர் வீட்டுக் கேட்டருகே குட்டிகளை அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டு ஓடுகிறவர் யாரென்று உங்களுக்குத் தெரிந்தால், அவரிடம் கொஞ்சம் பேசிப் பாருங்கள்.