போரில் இறந்த தாத்தாவின் கல்லறையும் திதியும்

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "என் பாட்டியின் அண்ணன் சேலத்துப் பக்கமிருந்து பட்டாளத்தில் சேர்ந்தவர். ஜப்பான்காரன் வந்தபோது, இருபத்திரண்டு வயதில் மலாயாவில் இறந்தார் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். கல்லறை எங்கே? திதி கொடுக்க நாளாவது தெரியுமா?"

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள். இரண்டு உலகப் போர்களிலும் மாண்ட ஏறக்குறைய 17 லட்சம் பேரின் பதிவுகள் அங்கே இருக்கின்றன. கட்டணம் கிடையாது.

பலரும் சிக்கிக்கொள்வது பெயரில்தான். பட்டாள எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதிவைத்தார். அதனால் முனுசாமி என்பவரை முனிசாமி, முனிஸ்வாமி, மூனுசாமி என்றெல்லாம் மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் தகப்பனார் பெயரைப் போடாதீர்கள். தாத்தாவின் பெயரையே போட்டு, முதல் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள். இந்திய ராணுவம் என்று தேர்ந்தெடுத்து, கூடுதல் விவரத்தில் 'சேலம்' என்று ஆங்கிலத்தில் கொடுங்கள். பல பதிவுகளில் இன்னாரின் மகன், இன்ன கிராமம், இன்ன ஜில்லா என்று இருக்கும். அந்த வரிதான் ஆளை உறுதிப்படுத்தும். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அன்று சேலம் ஜில்லா என்பதை மறந்துவிடாதீர்கள்.

வீட்டில் பழைய படமோ கடிதமோ இருந்தால் பட்டாள எண் இருக்கிறதா என்று பின்பக்கத்தையும் பாருங்கள். எண் கிடைத்துவிட்டால் பெயர்க் குழப்பமே இல்லை.

பதிவில் தைப்பிங் போர்க் கல்லறைத் தோட்டம் என்று வந்தால், உங்கள் வீட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். போர் முடிந்தபின், சண்டை நடந்த இடங்களிலும் கிராமத்து இடுகாடுகளிலும் கிடந்தவர்களை எடுத்துவந்து அங்கே அடக்கம் செய்தார்கள். 850க்கும் மேற்பட்ட கல்லறைகளில் 500க்கும் அதிகமானவை அடையாளம் தெரியாதவர்களுடையவை. ஆகவே பெயர் பொறித்த கல் இல்லையென்றால் மனம் உடைந்துவிட வேண்டாம். உடல் அடையாளம் தெரியாமல் போனவர்களுக்கு சிங்கப்பூர் கிராஞ்சியில் நினைவுச் சுவர் இருக்கிறது. 24,000க்கும் மேற்பட்ட பெயர்களைப் படைப்பிரிவுவாரியாகப் பொறித்திருக்கிறார்கள். தகனம் செய்யப்பட்ட ஏறக்குறைய 800 பேருக்கு அதே வளாகத்தில் தனி நினைவிடம் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள்.

இனி திதி. பதிவில் தேதி தெளிவாக இருந்தால் குருக்களிடம் கொடுங்கள், பழைய பஞ்சாங்கம் பார்த்து மாதமும் திதியும் சொல்லிவிடுவார். ஆனால் மலாயாவின் ஜித்ரா, கம்பார் சண்டைகளில் படை பின்வாங்கிய குழப்பத்தில் யார் எந்த நாளில் விழுந்தார் என்று குறித்துவைக்க ஆளில்லை. அதனால் சிலருக்கு 'இந்த நாளுக்கும் அந்த நாளுக்கும் இடையில்' என்றுதான் இருக்கும். அதற்கும் நம் வழக்கத்தில் இடமிருக்கிறது. மகாளய அமாவாசைக்கு முந்தின சதுர்த்தசி, ஆயுதத்தால் மாண்டவர்களுக்கென்றே உள்ள நாள். பஞ்சாங்கத்தில் 'சஸ்திரஹத மகாளயம்' என்று போட்டிருப்பார்கள். உங்கள் தாத்தாவுக்கு நான் அந்த நாளைத்தான் சொல்வேன். வீட்டு வழக்கம் ஆடி அமாவாசைப் படையல் என்றால் அதுவும் சரியே.

கல்லறைக்குப் போகும்போது பூவும் மாலையும் கொண்டுபோங்கள். கல்லில் எண்ணெயும் குங்குமமும் தடவ வேண்டாம், கறை ஊறிவிடும். பெயரோ ஊரோ பதிவில் தப்பாக இருந்தால், ஆதாரத்தின் நகலோடு ஆணையத்துக்கு எழுதித் திருத்தச் சொல்லிக் கேளுங்கள்.