ஆங்கில டப்பிங் என்றால் மட்டமா?

கேள்வி: 'சைக்கோ-பாஸ்', 'அட்டாக் ஆன் டைட்டன்', 'சைபர்பங்க்: எட்ஜ்ரன்னர்ஸ்' என்ற மூன்று அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடர்களில், டிஸ்டோபியா (மனிதர்களை நசுக்கும் கற்பனைச் சமூகம்) என்ற வகையில் எது முதலிடம்? எதுவானாலும் ஜப்பானியக் குரலில் சப்டைட்டிலோடு பார்ப்பவனே உண்மையான ரசிகன். ஆங்கில டப்பிங்கில் பார்த்ததெல்லாம் கணக்கிலேயே வராது என்கிறேன். ஒப்புக்கொள்கிறீர்களா?

பதில்: முதலிடம் 'சைக்கோ-பாஸ்'. டப்பிங் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

'டைட்டன்' மக்களிடம் உண்மை மறைக்கப்பட்டிருக்கிறது. அது வெளியே வந்தால் கோபம் வரும், ஆட்சி கவிழும். 'எட்ஜ்ரன்னர்ஸ்' நகரத்தில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும், கையில் காசுதான் இல்லை. 'சைக்கோ-பாஸ்' வேறு ரகம். சிபில் அமைப்பு ஒவ்வொருவர் மனத்தையும் அளந்து எண் போடுகிறது. மக்கள் அதையே நிம்மதி என்று ஏற்றுக்கொண்டு வாழ்கிறார்கள். (முதல் சீசனைப் பார்க்காதவர்கள் அடுத்த வரியைத் தாண்டிவிடுங்கள்.) அந்த அமைப்பின் ரகசியம் தெரிந்த பிறகும் போலீஸ் வேலை பார்க்கும் நாயகி அகானே அதை உடைக்காமல் வேலையைத் தொடர்கிறாள். மற்ற இரண்டில் எத்தனை பேர் செத்தும் என்னை இந்த அளவுக்கு உறுத்தவில்லை.

சரி, குரலுக்கு வருவோம். ஜப்பானியக் குரல்தான் அசல் என்கிறீர்கள். ஆனால் அங்கேயும் பெரும்பாலும் காட்சியை முதலில் ஓடவிட்டு, அப்புறம்தான் குரலைப் பதிவு செய்கிறார்கள். பல நேரம் படம் வரைந்து முடிந்திருக்கவே இருக்காது. குரலை முதலில் பதிந்து அதற்கேற்ப வாயசைவை உருவாக்குவது மேற்கத்திய வழக்கம். 2021-இல் வந்த 'ஆர்கேன்' என்ற அனிமேஷன் தொடர் அப்படி உருவானதுதான். அதிலும் 'எட்ஜ்ரன்னர்ஸ்' கதை இன்னும் வேடிக்கை. போலந்து நிறுவனம் ஒன்றின் வீடியோ கேமிலிருந்து வந்த உலகம், கலிஃபோர்னியாவில் இருப்பதாகக் கற்பனை செய்த நகரம், டேவிட் மார்ட்டினெஸ் என்ற பையன், வரைந்தது ஜப்பானின் ட்ரிக்கர் ஸ்டூடியோ. இதில் ஜப்பானியம்தான் அசல் என்று எந்த நியாயத்தில் சொல்கிறீர்கள்? அந்தத் தெருப்பேச்சு ஆங்கிலத்தில்தான் ஒட்டுகிறது.

டப்பிங்கில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. குறை நீங்கள் தேடும் இடத்தில் இல்லை. ஜப்பானில் நடிகர்கள் ஒரே அறையில் மைக் முன்னால் நின்று, ஒருவருக்கொருவர் பதில் பேசிப் பதிவு செய்வது வழக்கம். ஆங்கில டப்பிங்கில் பெரும்பாலும் ஒருவர் மட்டும் தனியாக நின்று, தன் வசனத்தை வரிவரியாகப் பேசுவார். எதிராளியின் சூடு காதில் விழாது. அதை ஈடுகட்டத் தெரிந்த இயக்குநர் இல்லையென்றால், இரண்டு பேர் பேசும் காட்சி இரண்டு தனித்தனி அறிக்கைகளாகக் கேட்கும்.

இன்னொரு குறை, அடக்கி வாசிக்கத் தெரியாமை. டிஸ்டோபியாவில் அதிகாரத்தின் குரல் உயரவே கூடாது. 'சைக்கோ-பாஸ்' போலீஸின் பேசும் துப்பாக்கியை நினைத்துப் பாருங்கள். எதிரில் இருப்பவரின் குற்றக் குறியீட்டு எண் 100-க்குக் கீழே என்றால் விசை பூட்டிக்கொள்ளும். 100-ஐத் தாண்டினால் மயக்கும். 300-ஐத் தாண்டினால் உடலைச் சிதறடிக்கும். மூன்றையும் துப்பாக்கியின் குரல் ஒரே தொனியில் சொல்ல வேண்டும். ஜப்பானியத்தில் நோரிகோ ஹிடாகா அப்படித்தான் சொல்கிறார், ஏதோ ரயில் அறிவிப்பு மாதிரி. அங்கே யாராவது கொஞ்சம் மிரட்டலைக் கலந்தால் தொடரே படுத்துவிடும். அந்தத் தொடரின் வில்லன் மகிஷிமாவும் அப்படித்தான். எந்த மொழியில் பேசினாலும் அவன் நயமாகப் பேசினால்தான் பயம் வரும்.

'டைட்டன்' ஆங்கிலத்தை முதல் சீசன் கூச்சலைக் கேட்டுவிட்டு ஒதுக்கியவர்கள் நிறைய. கூச்சல், ஜப்பானியத்தில் யூகி காஜி குரல் கொடுத்த நாயகன் எரெனிலும் இல்லையா என்ன? ஆங்கிலத்தில் எரெனுக்குக் குரல் கொடுத்த பிரைஸ் பாப்பன்புரூக்கை, கடைசி சீசனில் எரென் நிலவறையில் தன் பழைய தோழன் ரெய்னரோடு உட்கார்ந்து பேசும் இடத்தில் கேளுங்கள். கத்தியே பழகிய அந்தத் தொண்டை அங்கே எவ்வளவு தணிகிறது என்று பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுங்கள்.

அப்புறம், சப்டைட்டிலும் மொழிபெயர்ப்புதான். வாசிக்க நேரம் வேண்டுமே என்று சுருக்கிய மொழிபெயர்ப்பு. 'எட்ஜ்ரன்னர்ஸ்' மாதிரி கண்சிமிட்டும் நேரத்தில் காட்சி மாறும் தொடரில், திரையின் அடிப்பகுதியையே பார்த்துக்கொண்டிருந்தால் மேலே வரைந்ததை யார் பார்ப்பது? அந்தத் தொடர் மொத்தம் 10 எபிசோடுதான். ஒருமுறை ஆங்கிலத்தில் பாருங்கள், பிறகு சண்டைக்கு வாருங்கள்.