பேனா படும்போது எழும் வளையங்கள்: டேப்லெட்டின் பழுதா, விண்டோஸின் பழக்கமா?

வாசகர் கேள்வி: சிறுவர் கதைகளுக்குப் படம் வரைகிறேன். திரையில்லாத கிராஃபிக்ஸ் டேப்லெட் (பேனாவால் வரையும் பலகை) ஒன்றை விண்டோஸ் 11 மடிக்கணினியில் இணைத்து, கிரிட்டா, போட்டோஷாப் என்ற இரண்டு ஓவியச் செயலிகளிலும் வேலை செய்கிறேன். பேனா முனை பட்டவுடன் கர்சரைச் சுற்றி ஒரு சிறிய வட்டம் தோன்றி விரிந்து மறைகிறது. சற்று நிறுத்திப் பிடித்தால் பெரிய வளையம் வருகிறது. பேனாவை எடுத்ததும் வலது கிளிக் மெனு திறந்துகொள்கிறது. கன்ட்ரோல் விசையை அழுத்தினால் அதன் பெயர் கர்சருக்கு அருகில் எழுத்தாகவே தோன்றுகிறது. சில கோடுகளின் தொடக்கம் வளையாமல் நேராக விழுகிறது. ஒரு காணொளியைப் பார்த்து, டேப்லெட்டைக் கணினியோடு இயங்க வைக்கும் மென்பொருளான டிரைவரில் விண்டோஸ் இங்க் என்பதை அணைத்தேன். வளையங்கள் போய்விட்டன; ஆனால் போட்டோஷாப்பில் பேனாவின் அழுத்தமும் போய்விட்டது. டேப்லெட்டை மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்ற வேண்டியதில்லை. நீங்கள் சொல்லும் அறிகுறிகளில் ஒன்றுகூட டேப்லெட்டின் பழுதைக் காட்டவில்லை. பேனாவை வரைகருவியாகப் பார்க்காமல், விரலுக்கும் மவுஸுக்கும் மாற்றாகப் பார்க்கும் பழக்கம் விண்டோஸுக்கு வெகு காலமாக உண்டு. 2002இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி டேப்லெட் பிசி பதிப்பு, கையில் ஏந்தித் திரையிலேயே எழுதும் கணினிகளுக்காக உருவானது. அத்தகைய கணினியில் மவுஸ் இருக்காது என்பதால், பேனாவை அழுத்திப் பிடித்தால் அதையே வலது கிளிக்காக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு தேவைப்பட்டது. தட்டியது பதிவானதா என்ற ஐயம் எழுதுபவருக்கு வராமலிருக்க, தட்டிய இடத்தில் சிற்றலை எழுப்பும் வழக்கம் அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவில் சேர்ந்தது. அலுவலகத்தில் படிவம் நிரப்புபவருக்கு இவை உதவி. ஒரு நிமிடத்தில் நூறு கோடுகள் இழுக்கும் உங்களுக்கு இவை இடைஞ்சல்.

காணொளியில் சொன்னது முற்றிலும் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடைசியாகத் தொட வேண்டிய இடத்தை முதலில் தொடச் சொல்லியிருக்கிறார்கள். விண்டோஸ் இங்க் என்பது வளையங்களை மட்டும் வரையும் ஒரு சிறிய வசதி அன்று. பேனாவின் இடம், அழுத்தம், சாய்வு ஆகியவற்றைச் செயலிகளுக்குக் கொண்டுசேர்க்கும் பாதையும் அதுவே. அதற்கு முன்பிருந்தே, 1990களின் தொடக்கத்திலிருந்து, விண்டேப் என்ற இன்னொரு பாதை இருக்கிறது. டிரைவரில் இங்க்கை அணைத்தால் பேனாவின் தரவு விண்டேப் வழியாக மட்டுமே செல்லும். விண்டோஸின் பார்வையில் உங்கள் பேனா அப்போது வெறும் மவுஸ். அதனால்தான் வளையங்கள் மறைந்தன. போட்டோஷாப்போ 2014ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து இயல்பாகவே விண்டோஸின் பாதையைத்தான் எதிர்பார்க்கிறது. ஒரு பாதையில் டிரைவர் அனுப்ப, இன்னொரு பாதையில் போட்டோஷாப் காத்திருக்க, அழுத்தம் இடையில் தொலைந்துவிட்டது. தூரிகை அமைப்பில் பேனா அழுத்தம் என்ற இடத்துக்கு அருகில் சிறிய முக்கோண எச்சரிக்கைக் குறி தோன்றியிருந்தால் அதன் பொருள் இதுவே.

ஆகவே முதலில் டிரைவருக்குச் சென்று விண்டோஸ் இங்க்கை மீண்டும் இயக்குங்கள். வளையங்கள் திரும்பி வரும், வரட்டும். ஒவ்வொன்றையும் அது பிறக்கும் இடத்திலேயே அணைப்போம்.

அவற்றில் மிகுந்த தொல்லை தருவது அழுத்திப் பிடித்தால் வரும் பெரிய வளையம்தான். அதை அணைக்கும் இடத்தை விண்டோஸ் நன்றாகவே ஒளித்து வைத்திருக்கிறது. டேப்லெட் இணைந்திருக்கும்போதே பழைய கன்ட்ரோல் பேனலைத் திறந்து, பென் அண்ட் டச் என்ற பகுதிக்குச் செல்லுங்கள். டேப்லெட்டைக் கழற்றிவிட்டுத் தேடினால் அந்தப் பகுதியே கண்ணில் படாமல் போகலாம். அங்கே பேனாவின் செயல்கள் ஒரு பட்டியலாக இருக்கும். பிரஸ் அண்ட் ஹோல்ட் என்ற வரியைத் தேர்ந்து, கீழேயுள்ள செட்டிங்ஸ் பொத்தானை அழுத்தினால் ஒரு சிறு சாளரம் திறக்கும். அழுத்திப் பிடிப்பதை வலது கிளிக்காக ஏற்கச் சொல்லும் கட்டத்தில் இருக்கும் டிக் குறியை நீக்கிவிட்டு, இரண்டு சாளரங்களிலும் ஓகே கொடுங்கள். பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு, இங்கே அணைக்க வழியில்லை என்று திரும்பிவிடுபவர்களே அதிகம்.

இந்த ஒரு மாற்றத்தால் உங்கள் இன்னொரு தொல்லையான நேர்க்கோட்டுத் தொடக்கமும் பெரும்பாலும் தீரும் என்பதால் அதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். முனை பட்ட கணத்தில் அது தட்டலா, நீண்ட அழுத்தமா, இழுவையா என்று விண்டோஸுக்குத் தெரியாது. அதைத் தீர்மானிக்க அது ஒரு சிறு பொழுது காத்திருக்கிறது. அந்தப் பொழுதில் உங்கள் கை ஒரு வளைவின் முதல் பகுதியைக் கடந்துவிடுகிறது. பிறகு கோடு தொடங்கும்போது, முனை முதலில் பட்ட புள்ளியும் கை இப்போது இருக்கும் புள்ளியும் நேராக இணைக்கப்படுகின்றன. வேகமாக வரைபவர்களுக்கும், கண் இமை, முடி, புல் போன்ற குறுங்கோடுகளை அடுக்குபவர்களுக்கும் இது பளிச்சென்று தெரியும். நிதானமாக நீளக் கோடு இழுப்பவர்கள் ஆண்டுக்கணக்கில் கவனிக்காமலே இருந்துவிடுவார்கள். காத்திருப்பதற்குக் காரணமான செயலையே அணைத்துவிட்டால் காத்திருப்பும் குறைகிறது. இதனால் நீங்கள் இழப்பது பேனா முனையால் வலது கிளிக் செய்யும் வசதியை மட்டுமே. அதைப் பேனாவின் பக்கவாட்டுப் பொத்தானுக்கு டிரைவரிலேயே ஒதுக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது, தட்டும்போது விரியும் சிறிய வட்டம். செட்டிங்ஸில் புளூடூத் அண்ட் டிவைசஸ், அதற்குள் பென் அண்ட் விண்டோஸ் இங்க் என்ற பக்கத்தைத் திறந்தால், பேனாவுக்கான கூடுதல் அமைப்புகளில் காட்சி விளைவுகளைக் காட்டச் சொல்லும் ஒரு தெரிவு இருக்கும்; அதை அணையுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட் விசைகளின் பெயர் கர்சரோடு ஒட்டிக்கொண்டு வருவதற்கும், பேனாவைப் பயன்படுத்தும்போது அழுத்தும் கூடுதல் விசைகளைக் காட்டச் சொல்லும் தெரிவு இதே பகுதியில்தான் இருக்கிறது, அதையும் அணையுங்கள். டெஸ்க்டாப் செயலிகள் சிலவற்றில் பேனாவை மவுஸாகப் பயன்படுத்த அனுமதிக்கும் தெரிவை மட்டும் இயக்கி வையுங்கள். 2017இன் இறுதியில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு ஒன்று, பேனாவால் இழுத்தால் எழுத்தைத் தேர்வதற்குப் பதிலாகப் பக்கத்தை நகர்த்தும்படி பழக்கத்தை மாற்றிவிட, பயனர்கள் கொதித்தெழுந்ததன் பின்னர் சேர்க்கப்பட்ட தெரிவு அது.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் இதே பக்கத்தில் கர்சரைக் காட்டு என்ற தெரிவையும் காண்பார்கள். வளையங்களோடு சேர்த்து இதையும் அணைத்துவிடும் ஆசை வரும். திரையுள்ள டேப்லெட்டில் வரைபவருக்குப் பேனா முனையே கண்ணுக்குத் தெரிவதால், அடியில் ஊர்ந்து வரும் சிறு புள்ளி இல்லாமல் போனால் நல்லதுதான். உங்களைப் போல் கை ஓரிடத்திலும் கண் ஓரிடத்திலும் வைத்து வரைபவர் அதை அணைத்தால், பேனா எங்கே நிற்கிறது என்று தெரியாமல் திண்டாட நேரும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதேனும் ஒரு வட்டம் மிச்சமிருந்தால், அது எப்போது தோன்றுகிறது என்று கவனியுங்கள். கன்ட்ரோல் விசையை அழுத்தி விடுத்தவுடன் கர்சரை நோக்கிச் சுருங்கும் வளையங்கள் என்றால், அதற்கும் பேனாவுக்கும் தொடர்பே இல்லை. கன்ட்ரோல் விசையால் கர்சர் இருக்கும் இடத்தைக் காட்டும் வசதி மவுஸ் அமைப்புகளில் பாயின்டர் ஆப்ஷன்ஸ் பகுதியில் இயங்கிக்கொண்டிருக்கிறது; போட்ட கோட்டைக் கணத்துக்கொரு முறை கன்ட்ரோல் விசையோடு அழிக்கும் ஓவியருக்கு அது ஓயாத தொல்லை. பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தும்போது மட்டும் வளையம் வந்தால், அந்தப் பொத்தானை விண்டோஸ் வலது கிளிக்காகப் படிக்கிறது என்று பொருள். தூரிகையின் அளவை மாற்றும்போது வட்டமும் சேர்ந்து பெரிதாகிச் சிறிதானால், அது கிரிட்டாவோ போட்டோஷாப்போ வரையும் தூரிகை எல்லைக்கோடு. அது உங்களுக்குத் தேவையானது. பிடிக்கவில்லையென்றால் அந்தந்தச் செயலியின் கர்சர் அமைப்பில் வடிவத்தை மாற்றிக்கொள்ளலாம். மேக் கணினியில் வேலை செய்யும் நண்பர்களிடமிருந்தும் எனக்கு ஒரு கேள்வி வருவதுண்டு: நிழல் கோடுகளை வேகமாக அடிக்கும்போது கர்சர் திடீரென்று பூதாகரமாக வளர்கிறதே என்று. தொலைந்த கர்சரைக் கண்டுபிடிக்க மவுஸை ஆட்டினால் அதைப் பெரிதாக்கிக் காட்டும் வசதி 2015 முதல் மேக்கில் இருக்கிறது. நிழல் அடிப்பதை அது மவுஸை ஆட்டுவதாக எடுத்துக்கொள்கிறது. ஆக்சசிபிலிட்டி அமைப்பில் பாயின்டர் பகுதியில் அணைத்துவிடலாம்.

இனி, இங்க்கை அணைப்பதே உங்களுக்குப் பிடித்திருக்கிறது, கோடு அப்போது இன்னும் சுறுசுறுப்பாக வருகிறது என்று நீங்கள் கருதினால், அதுவும் முறையான வழிதான். நிபந்தனை ஒன்றே: டிரைவர் எந்தப் பாதையில் அனுப்புகிறதோ, வரையும் செயலிகள் எல்லாம் அதே பாதையில் கேட்க வேண்டும். கிரிட்டாவில் கான்ஃபிகர் கிரிட்டா சாளரத்தின் டேப்லெட் அமைப்பில் விண்டேப், விண்டோஸ் இங்க் என்று இரண்டு தெரிவுகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு கிரிட்டாவை மூடித் திறந்தால்தான் மாற்றம் செயலுக்கு வரும். கிளிப் ஸ்டூடியோ என்ற ஓவியச் செயலியிலும் விருப்ப அமைப்புகளின் டேப்லெட் பகுதியில் இதே தெரிவு உண்டு. போட்டோஷாப்பில்தான் சற்று வேலை அதிகம்: அதன் அமைப்புக் கோப்புகள் இருக்கும் கோப்புறையில், விண்டேப்பைப் பயன்படுத்தச் சொல்லும் இரண்டு வரிகள் கொண்ட சிறிய உரைக் கோப்பு ஒன்றை நாமே வைக்க வேண்டும். அந்த வரிகளும் கோப்பின் பெயரும் அடோபியின் உதவிப் பக்கத்தில் இருக்கின்றன. ஓர் எழுத்து பிசகினாலும் போட்டோஷாப் அதைப் பொருட்படுத்தாது. ஆகவே கையால் தட்டச்சு செய்யாமல் அங்கிருந்தே நகலெடுங்கள்.

நீங்கள் இரண்டு செயலிகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதால், என் பரிந்துரை இங்க்கை இயக்கியே வைத்துக்கொண்டு வளையங்களை மட்டும் அணைப்பதுதான். நாளை மூன்றாவதாக ஒரு செயலியை நிறுவினாலும் இந்த ஏற்பாடு குலையாது.

செய்யக் கூடாதவை இரண்டு உண்டு. டச் கீபோர்ட் அண்ட் ஹேண்ட்ரைட்டிங் பேனல் என்ற சேவையை நிறுத்தச் சொல்லும் அறிவுரை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் 7 காலத்தில் அதன் முன்னோடியை நிறுத்துவதால் பெரிய கெடுதல் இருக்கவில்லை. இன்று அதே சேவையைச் சார்ந்துதான் எழுத்து உள்ளீட்டின் பல பகுதிகள் இயங்குகின்றன. நிறுத்தினால் ஸ்டார்ட் மெனுவின் தேடல் பெட்டியில் ஓர் எழுத்தைக்கூட அடிக்க முடியாத நிலை வரலாம். ஒரு பதிப்பகத்துக்காக வேலை பார்த்த நாட்களில் நானே இதைச் செய்துவிட்டு, விசைப்பலகை கெட்டுவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கியவன். இரண்டாவது, விண்டோஸின் உள் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கை வைப்பது. விண்டோஸ் புரோ பதிப்பு இருந்தால் குரூப் பாலிசி எடிட்டரில், விண்டோஸ் காம்பொனன்ட்ஸ் பிரிவின் டேப்லெட் பிசி பகுதியில், பேனாவின் காட்சிப் பின்னூட்டத்தை அணைக்கும் கொள்கை ஒன்று இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாம். ஹோம் பதிப்பில் அந்த எடிட்டர் இல்லை. மேலே சொன்ன இரண்டு பக்கங்களே உங்களுக்குப் போதும்.

இந்த அமைப்புகள் நிலைத்து நிற்பதில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். பெரிய விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகோ, டிரைவரைப் புதிதாக நிறுவிய பிறகோ, அழுத்திப் பிடிக்கும் செயல் தானாகவே மீண்டும் உயிர் பெற்றிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். முன்பு வேறொரு நிறுவனத்தின் டேப்லெட்டை வைத்திருந்தீர்களென்றால், அதன் டிரைவரை முழுமையாக நீக்கி, கணினியை மறுபடி தொடங்கிய பின்னரே இப்போதைய டிரைவரை நிறுவுங்கள். இரண்டு நிறுவனங்களின் டிரைவர்கள் ஒரே கணினியில் இருந்தால் விண்டேப் கோப்பு யாருடையது என்ற குழப்பம் எழுந்து, அழுத்தம் சில நாள் வந்து சில நாள் வராமல் போகும்.

வளையங்கள் எல்லாம் நீங்கிய பின்னும் மெதுவாக இழுக்கும் கோடு மட்டும் நடுங்கினால், மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு அதே கோட்டை இன்னொரு முறை இழுத்துப் பாருங்கள். பேட்டரியில்லாத பேனாக்கள் மின்காந்தப் புலத்தைக் கொண்டே தம் இடத்தைத் தெரிவிப்பதால், நில இணைப்புச் சரியில்லாத மின் இணைப்பின் இரைச்சல் கர்சரை நடுங்கச் செய்யும். டேப்லெட்டுக்கு அடியில் இருக்கும் உலோக மேசையும் அப்படியே. சார்ஜரைக் கழற்றியதும் நடுக்கம் நின்றால், மூன்று முள் பிளக்கும் நில இணைப்புள்ள சாக்கெட்டும் போதும். நிற்காவிட்டால் பேனா முனையைப் பாருங்கள்: ஒரு பக்கமாகத் தேய்ந்து உளிபோல் தட்டையாகியிருந்தால், டேப்லெட்டோடு தந்த மாற்று முனைகளில் ஒன்றைப் பொருத்திக்கொள்ளுங்கள்.