மணிமண்டபமா, மில் வாசலா?

அன்புள்ள ஐயா,

கோவை சின்னியம்பாளையம் தியாகிகளான நான்கு மில் தொழிலாளர்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் மில்லில் இருந்து ரிட்டயர் ஆனவன். அந்த நால்வருக்கும் அரசுச் செலவில் மணிமண்டபம் கட்டவேண்டும் என்பது என் ஆசை. என் பையனோ, 'மில் ஆளுகளுக்குச் சம்பளத்துக்கே வழியக் காணோம், மண்டபம் எதுக்குங்கப்பா?' என்கிறான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வாசகர், ஒண்டிப்புதூர்

அன்புள்ள ஐயா,

பையன் கேட்டது நியாயந்தான். ஆட்களுக்குச் சேரவேண்டியது முதலில் சேரட்டும். ஆனால் எனக்கு மண்டபம் பிடிக்காததற்குக் காரணம் வேறு.

ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் நால்வரும் ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்கள், தொழிற்சங்கப் போராட்டத்தில் நின்றவர்கள். 1946 ஜனவரி 8 அன்று கோவை மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். ஊரில் அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது, வருடம் தவறாமல் அஞ்சலியும் நடக்கிறது. கைவிட்டுப் போகப்போவது அந்த மில்தான். அது என்.டி.சி. மில், அதாவது மத்திய அரசின் தேசிய பஞ்சாலைக் கழகத்துடையது, ஏற்கெனவே பொதுச்சொத்து. நிலம் வாங்க ஒரு பைசா வேண்டாம். 2020 ஊரடங்கில் நின்ற மெஷின்கள் துருப்பிடிக்கின்றன.

நம் மாநிலத்தில் தலைவர்களின் நினைவகங்களைப் பார்த்துக்கொள்வது செய்தி மக்கள் தொடர்புத் துறை. பிறந்தநாள் மாலைக்கும் பந்தலுக்கும் குறை இருக்காது. பழைய சுண்ணாம்புச் சுவரைக் காப்பாற்ற வேறு கை வேண்டும். தொல்லியல் பக்கம் போனால், மத்திய அரசின் 1958ஆம் வருடச் சட்டம் காக்கவேண்டிய சின்னத்துக்கு நூறு வயது கேட்கிறது. இந்த நால்வரின் போராட்டத்துக்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை!

கோவை சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கைப் பார்த்திருப்பீர்கள். 1908இல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தை முன்நின்று நடத்தி, அந்தச் சூடு ஆறுமுன் கைதானவர். மாலை போட வருகிறவர்கள் கப்பலைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போகிறார்கள், அது கிடக்கட்டும். அந்தச் செக்கின் முன்னால் நிற்கிறவனுக்கு அவர் பட்ட பாட்டை யாரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. கிரானைட் பதித்த மண்டபத்தில் இது நடக்குமா?

என் சித்தப்பா ஸ்பின்னிங்கில் இருந்தார். ஷிப்ட் முடிந்து வந்தால் தலைமுடி, புருவமெல்லாம் பஞ்சு. மில் சங்கு ஊதினால்தான் எங்கள் வீட்டில் உலை வைப்பார்கள். அரசிடம் நான் கேட்பது கொஞ்சந்தான்: அந்தச் சங்கு, வருகைப் பதிவேடுகள், ஒரேயொரு ஸ்பின்னிங் மெஷின், கேட் மீட்டிங் நடந்த அந்தக் கேட். பழைய இரும்புக்காரர் லாரி வருவதற்குள் எடுத்து வைத்தால் போதும்.

வரும் ஜனவரி 8 காலையில் சின்னியம்பாளையத்தில் இருப்பேன். பையனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பேசுவோம்.